படிவம் 4-இல் எந்தக் கணிதம்? இன்ஜினியராக நினைக்கும் தோட்டத்துப் பிள்ளைகளின் பெற்றோருக்கு

படிவம் 3 முடியும் நேரத்தில் பள்ளியிலிருந்து ஒரு தாள் வீட்டுக்கு வரும். படிவம் 4-இல் பிள்ளை எந்தப் பாடத் தொகுப்பை எடுக்கப் போகிறது என்று கேட்கும் தாள் அது. மலேசியாவின் கெடா மாநிலத்தில், எங்கள் பாடாங் செராய்ப் பக்கத்தில் பல வீடுகளில் அந்தத் தாள் ஒரு வாரம் ஐஸ்பெட்டி மேல் கிடக்கும். கடைசி நாள் காலையில் பள்ளி பஸ் வருவதற்கு முன்னால் அவசரமாகக் கையெழுத்தாகிப் போகும். அப்பா அதற்குள் வேலைக்குக் கிளம்பியிருப்பார். அம்மா கையெழுத்துப் போடுவார். கட்டத்தில் டிக் அடிப்பது பதினைந்து வயதுப் பிள்ளை. பக்கத்து நாற்காலிக் கூட்டாளி எதை அடித்தானோ, இவனும் அதையே அடிப்பான்.

பிள்ளை இன்ஜினியராக வேண்டும் என்ற பேச்சு உங்கள் வீட்டில் ஒரு தடவையாவது வந்திருந்தால், அந்தத் தாளில் முதலில் தேட வேண்டியது கூடுதல் கணிதம். மலாயில் மாத்தெமாத்திக் தம்பாஹான், பிள்ளைகள் வாயில் ஆட் மேத்ஸ்.

என் தாளில் அந்தப் பாடம் இல்லாமல் போனது. நான் படித்த பள்ளியில் அந்த வருடம் பாடத் தேர்வைக் கவனித்த ஆசிரியர், "உனக்கு இது கஷ்டம்மா, எஸ்.பி.எம்.மில் மார்க் கெட்டுப்போகும்" என்று (எஸ்.பி.எம். என்பது படிவம் 5 முடிவில் எழுதும் அரசாங்கத் தேர்வு) சொல்லி, நான் எழுதியதை என் கண்முன்னே பேனாவால் அடித்தார். வீட்டில் யாருக்கும் அது என்ன பாடம் என்று தெரியாது. அப்பா பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைக்கு மாறியவர். அம்மா தோட்டத்து ஆயாக்கொட்டகையில் வேலை செய்தவர். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம். பிறகு பாலிடெக்னிக்கில் டிப்ளோமா, அதன்பின் பட்டம் என்று சுற்றி வந்து இன்ஜினியரானேன். என்னோடு ஒரே பஸ்ஸில் பள்ளிக்குப் போன, கூடுதல் கணிதம் எடுத்த தோழி எனக்கு முன்னாலேயே பட்டம் வாங்கி வேலைக்குப் போய்விட்டாள். இன்று கூலிமில் வேலை செய்துகொண்டு சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். அங்கே வரும் பெற்றோர் கேட்கும் கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில்களைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், இரண்டு கணிதத்துக்கும் என்ன வித்தியாசம்

எஸ்.பி.எம்.மில் கணிதம் எல்லாருக்கும் கட்டாயப் பாடம். கூடுதல் கணிதம் விரும்பி எடுக்கும் பாடம். முதலாவதில் ஏ எடுத்தால் போதாதா என்று கேட்கிறார்கள். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் என்றால் பெரும்பாலும் போதாது. இரண்டும் வேறு வேறு வேலை செய்யும் பாடங்கள்.

எங்கள் பழைய லயத்து வீட்டுக் கூரைத் தகரத்துக்குக் கீழே பீலி கிடையாது. மழை பெய்தால் வாசலில் வரிசையாகக் குழி விழும். அப்பா 40 சென்டிமீட்டர் அகலத் தகரம் வாங்கி வந்து, இரண்டு ஓரத்தையும் மேலே மடித்து, பெட்டி போன்ற ஒரு பீலி செய்தார். கண்ணளவில் பக்கத்துக்கு 5 சென்டிமீட்டர் மடித்தார். அடுத்த பெருமழைக்கே தண்ணீர் வழிந்து வாசலில் கொட்டியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 மடித்தால் அடிப்பாகம் 30. தண்ணீர் ஓட இருக்கும் இடம் 5 பெருக்கல் 30, அதாவது 150 சதுர சென்டிமீட்டர். 15 மடித்தால் அடிப்பாகம் 10, மறுபடியும் அதே 150. சரியாக 10 மடித்தால் அடிப்பாகம் 20, இடம் 200. அதே தகரம், அதே காசு, மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தண்ணீர்.

ஒவ்வொரு அளவாகப் போட்டுப் பார்த்து 10-ஐக் கண்டுபிடிக்கச் சாதாரணக் கணிதம் போதும். கூடுதல் கணிதம் படித்த பிள்ளை அப்படித் தேடாது. மடிக்கும் உயரத்தை எக்ஸ் என்று வைத்துக்கொள்ளும். பரப்பு எக்ஸ் பெருக்கல் (40 − 2எக்ஸ்), விரித்தால் 40எக்ஸ் − 2எக்ஸ்². அதை வகையிட்டால், அதாவது எக்ஸ் மாறும்போது பரப்பு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்த்தால், 40 − 4எக்ஸ். அது பூஜ்யமாகும் இடம் எக்ஸ் = 10. மூன்று வரியில் முடிந்தது. தகரம் 40-க்குப் பதில் 57 சென்டிமீட்டராக இருந்தாலும் அதே மூன்று வரிதான்.

இந்த வகையிடலும் அதைத் திருப்பிப் போடும் தொகையிடலும் கூடுதல் கணிதத்தில் படிவம் 5-இல் வருகின்றன. பொறியியல் பட்டத்தின் முதல் ஆண்டு இவற்றின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. பாலம் எவ்வளவு வளையும், மின்சுற்றில் கரண்ட் எப்படி ஏறி இறங்கும், செம்பனை ஆலையின் கொதிகலன் எவ்வளவு வேகமாகச் சூடாகும் என்று எதை எடுத்தாலும் "எவ்வளவு வேகமாக மாறுகிறது" என்ற கேள்வி வந்து நிற்கும். பாலிடெக்னிக்கில் என் முதல் செமஸ்டரில் விரிவுரையாளர் வகையிடலைப் பத்தே நிமிடத்தில் "இது உங்களுக்குத் தெரிந்ததுதானே" என்று தாண்டிப் போனார். வகுப்பில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். நான் நோட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து நிமிடம் இன்னும் மனதில் இருக்கிறது.

படி 1: தாள் வருவதற்கு முன்பே, வீட்டில் ஒரு சின்னச் சோதனை

படிவம் 3 மாணவர்கள் எழுதிவந்த பி.டி.3 தேர்வு 2022-இல் நிறுத்தப்பட்ட பிறகு, படிவம் 4-இல் யாருக்கு எந்தத் தொகுப்பு என்பதைப் பள்ளியிலேயே நடக்கும் மதிப்பீடுகளை வைத்துத்தான் பள்ளிகள் முடிவு செய்து வந்திருக்கின்றன. ஆகவே படிவம் 3-இன் கணித, அறிவியல் மதிப்பெண்களை அலட்சியமாக விடக்கூடாது.

ஆனால் மொத்த மதிப்பெண்ணைவிட நான் பார்ப்பது இயற்கணிதத்தில் கை எவ்வளவு பழகியிருக்கிறது என்பதைத்தான். மண்டபத்துக்குப் புதிதாக வரும் படிவம் 3 பிள்ளைக்கு மூன்று கணக்குக் கொடுப்பேன். கால்குலேட்டர் கிடையாது.

ஒன்று, (2எக்ஸ் − 3)²-ஐ விரிக்கச் சொல்வேன். விடை 4எக்ஸ்² − 12எக்ஸ் + 9. நடுவில் வரும் 12எக்ஸை விட்டுவிட்டு 4எக்ஸ்² + 9 என்றோ 4எக்ஸ்² − 9 என்றோ எழுதும் பிள்ளைகள் ஏராளம்.

இரண்டு, எக்ஸ்/3 − (எக்ஸ் − 2)/4. இங்கேதான் பெரும்பாலோர் விழுவார்கள். பகுதியை 12 ஆக்கியதும் மேலே 4எக்ஸ் − 3(எக்ஸ் − 2) என்று வரும். அந்தக் கழித்தல் குறி அடைப்புக்குள் இருக்கும் 2-ஐயும் தொட வேண்டும், அப்போது கூட்டல் 6 ஆகும். விடை (எக்ஸ் + 6)/12. பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்தால் பாதிப் பேராவது எக்ஸ் − 6 என்று எழுதுவதை என் வகுப்பில் வாராவாரம் பார்க்கிறேன்.

மூன்று, ஒரு சூத்திரத்தில் வேறோர் எழுத்தைத் தனியாக்கச் சொல்வேன். ஆரம் தெரிந்தால் வட்டத்தின் பரப்பு வரும், பரப்பு தெரிந்தால் ஆரம் எப்படி வரும் என்ற மாதிரி.

மூன்றில் இரண்டு சரியாக வந்தால் கூடுதல் கணிதத்தைத் தைரியமாக எடுக்கலாம். ஒன்றும் வரவில்லை என்றாலும் விடச் சொல்ல மாட்டேன். படிவம் 4 தொடங்குவதற்கு முந்தைய விடுமுறையில் தினமும் முக்கால் மணி நேரம் பின்னமும் இயற்கணிதமும் மட்டும் போடச் சொல்வேன். கூடுதல் கணிதத்தில் தோற்கும் பிள்ளைகளில் அநேகம் பேர் உண்மையில் படிவம் 2 கணக்கில்தான் தோற்கிறார்கள். வகையிடலைச் சரியாகச் செய்துவிட்டு, கடைசி வரியில் கழித்தல் குறியில் மார்க்கை விடுவார்கள்.

படி 2: மொழியைக் கவனியுங்கள்

தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் "பின்னம்", "பெருக்கல்", "சமன்பாடு" என்று படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் பெச்சஹான், டாராப், பெர்சமாஆன் என்று கேட்கிறது. கணக்குத் தெரியாமல் இல்லை, சொல் தெரியாமல் நிற்கிறது. அது பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டால் ஆசிரியர் "கணக்கில் வீக்" என்று எழுதிவிடுவார்.

அதற்கு நான் செய்யச் சொல்வது ஒரு மூன்று பத்தி நோட்டு. முதல் பத்தியில் தமிழ், அடுத்ததில் மலாய், மூன்றாவதில் ஆங்கிலம். பின்னம், பெச்சஹான், ஃப்ராக்‌ஷன். வர்க்கமூலம், புன்ச்சா குவாசா துவா, ஸ்குவேர் ரூட். வகையிடல், பெம்பெசாஆன், டிஃபரன்ஷியேஷன். தொகையிடல், பெங்காமிரான், இன்டக்ரேஷன். ஒரு வருடத்தில் இருநூறு சொல் சேர்ந்தால் போதும். எஸ்.பி.எம். கணிதத் தாள்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே அச்சாகின்றன, ஒரு மொழியில் புரியாதது மற்றதில் புரிந்துவிடும். பல்கலைக்கழகத்துக்குப் போனால் பொறியியல் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அப்போதும் இந்த நோட்டு கைகொடுக்கும்.

ஒரே ஒரு சொல்லைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன்: செதெருஸ்ஞா. ஆங்கிலப் பக்கத்தில் அதே இடத்தில் ஹென்ஸ் என்று இருக்கும். மேலே கண்டுபிடித்த விடையை வைத்தே அடுத்ததைச் செய் என்று அர்த்தம். இது தெரியாத பிள்ளை முதலிலிருந்து வேறு வழியில் போட்டு, நேரத்தையும் மார்க்கையும் இழக்கும்.

படி 3: தாளை வாசியுங்கள், தொகுப்பின் பெயரை நம்பாதீர்கள்

2020-இலிருந்து அறிவியல் பிரிவு, கலைப்பிரிவு என்ற பழைய பிரிப்பு போய்ப் பாடத் தொகுப்பு முறை வந்துவிட்டது. ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) என்று பெயர் வைத்த தொகுப்புகளே பலவிதம். சிலவற்றில் இயற்பியலும் கூடுதல் கணிதமும் இருக்கும். சிலவற்றில் கணினி அறிவியலோ தொழில்நுட்பப் பாடமோ இருக்கும், கூடுதல் கணிதம் இருக்காது. "ஸ்டெம் எடுத்திருக்கிறான்" என்று பெற்றோர் நிம்மதியாக இருப்பார்கள், தாளைப் பார்த்தால் உள்ளே அது இருக்காது.

பொறியியலுக்கு நான் சொல்லும் அடுக்கு இது: கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல். முதல் இரண்டும் விட்டுக்கொடுக்க முடியாதவை. வேதியியல் இருந்தால் கெமிக்கல் இன்ஜினியரிங் உள்பட எல்லாக் கதவும் திறந்திருக்கும். உயிரியல் பொறியியலுக்குத் தேவையில்லை. ஆனால் மருத்துவமா பொறியியலா என்று பிள்ளை இன்னும் தடுமாறினால் எடுத்து வைக்கலாம்.

தமிழை விடலாமா என்று அடுத்த கேள்வி வரும். விடாதீர்கள். என் மனதில் தமிழுக்கு இருக்கும் இடம் வேறு, அதை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்காகவே பார்ப்போம். மலாய், ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, கணிதம் ஐந்து. கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கு. மொத்தம் ஒன்பது. எஸ்.பி.எம்.மில் 10ஏ எடுக்கும் பிள்ளைகளுக்கு இனம் பாராமல் மெட்ரிகுலேஷனில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசாங்கப் படிப்பில்) இடம் உண்டு என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்தது. ஒன்பது பாடம் மட்டும் எடுத்த பிள்ளை எல்லாவற்றிலும் ஏ எடுத்தாலும் பத்தைத் தொட முடியாது. அந்தப் பத்தாவது பாடம் நம் பிள்ளைக்குத் தமிழாக இருக்கட்டுமே.

வரலாற்றையும் மலாயையும் மறந்துவிடக்கூடாது. இரண்டில் ஒன்றில் தேறாவிட்டாலும் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது. கணக்கில் புலியாக இருந்து வரலாற்றில் கோட்டைவிட்ட பிள்ளையை எனக்குத் தெரியும்.

படி 4: பள்ளி "இல்லை" என்றால்

சின்ன ஊர்ப் பள்ளிகளில் இது அடிக்கடி நடக்கும். போதிய மாணவர் இல்லை, ஆசிரியர் இல்லை, உங்கள் பிள்ளையின் மார்க் போதாது என்று மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள்.

மார்க் போதாது என்றால், ஆலோசனை ஆசிரியரை நேரில் போய்ப் பாருங்கள். சண்டைக்குப் போகாதீர்கள். "முதல் பருவம் வரை உட்கார விடுங்கள், பிறகு மார்க்கைப் பார்த்து முடிவு செய்வோம்" என்று கேளுங்கள். இப்படிக் கேட்ட பெற்றோர் பலருக்குப் பள்ளி இறங்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன். முடிந்தால் அப்பாவும் அம்மாவும் சேர்ந்தே போங்கள், அரை நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை. எனக்காக அன்று யாரும் போகவில்லை. போக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவும் இல்லை.

மாணவர் போதவில்லை என்றால் ஆள் சேருங்கள். போன வருடத்துக்கு முந்தைய வருடம் எங்கள் மண்டபத்து அம்மாக்கள் ஐந்து பேர், மலாய், சீனப் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு தலைமையாசிரியரைப் பார்த்தார்கள். வகுப்பு நடந்தது.

ஆசிரியரே இல்லை என்றால் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றிக் கேட்பதுதான் நல்ல வழி. படிவம் 4 தொடக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும், பாதியில் மாறினால் பிள்ளை இரண்டு பக்கமும் தவறவிடும். அதுவும் முடியாமல் போய், எஸ்.பி.எம். முடித்த பிறகுதான் ஞானம் வந்தது என்றால், அடுத்த வருடம் தனியார் தேர்வராகக் கூடுதல் கணிதத்தை மட்டும் எழுதலாம். செய்முறைத் தேர்வு இல்லாத பாடம் என்பதால், ஆய்வுக்கூடத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

படி 5: படிவம் 4-இன் முதல் ஆறு மாதம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். பிள்ளைகள் இந்தப் பாடத்தைக் கைவிடுவது இந்த ஆறு மாதத்தில்தான்.

ஓர் அம்மா மண்டபத்து வாசலில் நின்று கேட்டார். "என்னம்மா இது, படிவம் மூணுல எம்பத்தெட்டு எடுத்தவன், ஆட் மேத்ஸ்ல இருபத்திரண்டு எடுத்திருக்கான். டீச்சரு விட்டுடச் சொல்றாங்களாம்."

"விடாதீங்கக்கா. எத்தன பேரு அம்பதுக்கு மேல?"

"நாலு பேரு."

"அப்ப இவன் மட்டும் விழல."

முதல் சோதனையில் இருபது, முப்பது எடுப்பது இந்தப் பாடத்தில் சாதாரணம். முதல் அத்தியாயம் சார்புகள். குறியீடே புதிது, எண்ணைக் கேட்காமல் ஒரு சார்புக்குள் இன்னொரு சார்பைப் போடச் சொல்லும். பிள்ளைக்கு வேறு பாஷை மாதிரி இருக்கும். மூன்று மாதத்தில் கண் பழகிவிடும். அந்தப் பையனும் விடவில்லை. ஆண்டிறுதியில் ஐம்பத்து நான்கு எடுத்துக்கொண்டு வந்தான். எஸ்.பி.எம்.மில் பி பிளஸ்.

அவன் என்ன செய்தான் என்றால், தப்பு நோட்டு ஒன்று வைத்துக்கொண்டான். சோதனையில் தப்பாகப் போன ஒவ்வொரு கணக்கையும் இடது பக்கத்தில் தப்பாகவே எழுதி, தப்பான வரிக்குக் கீழே சிவப்பில் கோடு போட்டு, வலது பக்கத்தில் சரியாகப் போட்டான். இரண்டு வாரம் கழித்து வலது பக்கத்தை மூடிக்கொண்டு மறுபடி போட்டான். ஆறு வாரத்தில் அவனுக்கே தெரிந்தது, தன் தப்புகளில் முக்கால்வாசி குறித்தப்பு என்று. புதிய பயிற்சிப் புத்தகம் மூன்று வாங்குவதைவிட இது மேல். பாடநூல் பள்ளியே இரவலாகத் தருகிறது. அதிலுள்ள கணக்கையெல்லாம் முடித்த பிறகு கடைப் புத்தகத்துக்குப் போகலாம்.

எல்லா அத்தியாயமும் ஒரே எடையல்ல. பொறியியலுக்காகப் படிக்கிறவர்கள் அடுக்குகள், மடக்கைகள், ஆயத்தொலை வடிவியல், வெக்டர், திரிகோணமிதி, வகையிடல், தொகையிடல் இவற்றை ஆழமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகத்தில் மறுபடி மறுபடி வருபவை இவைதான். நேரியல் விதி என்ற அத்தியாயத்தைப் பிள்ளைகள் போர் என்பார்கள். வளைந்த வரைபடத்தை நேர்க்கோடாக்கி அதிலிருந்து மாறிலிகளை எடுக்கும் வித்தை அது, நான் தொழிற்சாலையில் இன்றும் செய்கிற வேலை. குறியீட்டெண், நேரியல் திட்டமிடல் இரண்டும் மார்க் சேர்க்க எளிதானவை. பலவீனமான பிள்ளைகள் இந்த இரண்டையும் முதலில் கெட்டியாக்கிக்கொள்ளட்டும். தாள் 2-இன் கடைசிப் பகுதியில் நான்கில் இரண்டு கேள்விக்குப் பதில் எழுதினால் போதும் என்பதால், தேர்வு செய்ய இடம் இருக்கும்.

கூடுதல் கணிதத்தில் மூழ்கிப் போய்க் கட்டாயக் கணிதத்தை விடும் பிள்ளைகளும் உண்டு. படிவம் 5 கட்டாயக் கணிதத்தில் வரும் அணிகள் பொறியியலில் பெரிய வேலைக்காரர்கள். அவை கூடுதல் கணிதத்தில் கிடையாது.

படி 6: எஸ்.பி.எம். முடிந்த பிறகு

இங்கே பாதை பிரியும். கணிதத்தைப் பொறுத்தவரை எந்தப் பாதையில் என்ன கவனிக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

ஆறாம் படிவம், அதாவது எஸ்.டி.பி.எம்., மூன்று செமஸ்டர், ஏறக்குறைய ஒன்றரை வருடம். செலவு மிகக் குறைவு, பிள்ளை வீட்டிலிருந்தே போய் வரலாம். நம் சமூகத்துக்கு இன்றும் நம்பகமான பாதை இதுதான் என்பது என் எண்ணம். இதில் கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. கணிதம் இரண்டு வகை: மேத்ஸ் டி, மேத்ஸ் எம். மேத்ஸ் எம் வணிகம், சமூக அறிவியல் பக்கம் போகிறவர்களுக்கு. பொறியியலுக்கு மேத்ஸ் டி. "எம் கொஞ்சம் ஈஸி" என்று கூட்டாளி சொன்னதைக் கேட்டு மாறிய பிள்ளை, பல்கலைக்கழக விண்ணப்பத்தின்போது பொறியியல் பட்டியலே திறக்காமல் நிற்கும். மேத்ஸ் டி-யோடு இயற்பியல், வேதியியல், பொதுப் பாடம். மூயட் ஆங்கிலத் தேர்வும் எழுத வேண்டும். மேத்ஸ் டி-யின் முதல் செமஸ்டர் இயற்கணிதமும் வடிவியலும், இரண்டாவது நுண்கணிதம், மூன்றாவது புள்ளியியல். கூடுதல் கணிதம் இல்லாமல் இதில் உட்காருவது நீந்தத் தெரியாமல் ஆற்றில் இறங்குவது மாதிரி. நீங்கள் சேரப்போகும் பள்ளியில் மேத்ஸ் டி-யும் இயற்பியலும் உண்மையில் நடக்கின்றனவா என்று சேருவதற்கு முன் கேளுங்கள். இல்லையென்றால் வேறு பள்ளிக்கு மாற்றம் கேளுங்கள்.

மெட்ரிகுலேஷன் ஒரு வருடம். இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரர்களுக்கும் மற்றப் பூர்வகுடிகளுக்கும்) என்பதால் மற்றவர்களுக்குப் போட்டி கடுமை, ஆனாலும் விண்ணப்பம் போடாமல் விடாதீர்கள். பொறியியலுக்கென்றே தனி மெட்ரிகுலேஷன் கல்லூரிகள் கெடா, பகாங், ஜொகூரில் இருக்கின்றன. நம் மாநிலத்துக் கல்லூரி பெண்டாங்கில் இருக்கிறது.

பாலிடெக்னிக் டிப்ளோமா மூன்று வருடம். கூடுதல் கணிதம் இல்லாதவர்களுக்கு, என்னைப் போன்றவர்களுக்கு, திறந்திருக்கும் கதவு இது. கூலிமிலேயே துவாங்கு சுல்தானா பாஹியா பாலிடெக்னிக் இருக்கிறது. கை வேலை நன்றாக வரும், தொழிற்சாலையில் மதிப்பும் உண்டு. பட்டத்துக்குத் தொடர நினைத்தால், டிப்ளோமாவில் வரும் பொறியியல் கணிதப் பாடங்களில் வெறும் தேர்ச்சியோடு நிற்காமல் நல்ல கிரேடு எடுங்கள். பட்டப்படிப்பில் சேர்ந்த முதல் வருடம் நான் பட்ட பாட்டுக்கெல்லாம் காரணம் நான் வெறும் தேர்ச்சியோடு நின்றதுதான்.

தனியார் பக்கம் ஃபவுண்டேஷன் ஒரு வருடம், பிறகு பட்டம். பீடோங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம், கம்பாரில் உத்தார் பல்கலைக்கழகம் என்று நம் பிள்ளைகள் நிறையப் பேர் போகும் இடங்கள் உண்டு. எந்தப் பாடத்தில் எத்தனை கிரெடிட் வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். எஸ்.பி.எம்.மில் சி-யும் அதற்கு மேலும்தான் கிரெடிட். டி, ஈ இரண்டும் தேர்ச்சி மட்டுமே. பணத்துக்கு அரசாங்கத்தின் பி.டி.பி.டி.என். கடன், ம.இ.கா.வின் எம்.ஐ.இ.டி. கல்விக் கடன் இரண்டையும் விசாரியுங்கள்.

படி 7: பட்டத்தின் பெயரைக் கூர்ந்து பாருங்கள்

கணிதம் சம்பந்தப்பட்ட கடைசித் தேர்வு இது, பலரும் தெரியாமலே கடந்துவிடுகிறார்கள். பொறியியல் பட்டம் ஒன்று, பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் மற்றொன்று. முதலாவதில் கணிதமும் கோட்பாடும் கூடுதல், இரண்டாவதில் செய்முறை கூடுதல். முதலாவது பொறியியல் அங்கீகார மன்றமான இ.ஏ.சி.யின் அங்கீகாரம் பெற்றிருந்தால், படித்து முடித்தவர் 1967-ஆம் ஆண்டுப் பொறியாளர் பதிவுச் சட்டத்தின் கீழ் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிந்துகொள்ளலாம். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் மலேசியா 2009-இலிருந்து முழு உறுப்பினர் என்பதால், அந்தப் பட்டத்துக்கு ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளிலும் மதிப்புண்டு. தொழில்நுட்பப் பட்டம் பெற்றவர்களுக்கு 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மலேசியத் தொழில்நுட்பவியலாளர் வாரியம் தனியாக இருக்கிறது. இரண்டும் மரியாதையான தொழில்தான். கணக்கு ஓடும் பிள்ளை முதலாவதற்குப் போகட்டும். கையில் கருவி இருந்தால்தான் மூளை வேலை செய்யும் என்கிற பிள்ளை இரண்டாவதில் பிரகாசிக்கும்.

ஒரு பல்கலைக்கழகத்தின் ஒரு பட்டத்துக்கு அங்கீகாரம் இருந்தால் அங்குள்ள எல்லாப் பட்டத்துக்கும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சேரப்போகும் பட்டத்தின் முழுப் பெயரையும் எழுதி வைத்துக்கொண்டு, வாரியத்தின் அங்கீகாரப் பட்டியலில் அதே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் பாருங்கள்.

எங்கள் ஊரிலிருந்து நிபோங் திபாலில் இருக்கும் யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகம் காரில் ஒரு மணி நேரத்துக்குள்தான். படிவம் 3 பிள்ளையை ஒரு சனிக்கிழமை அந்த வழியாகக் கூட்டிப் போங்கள். உள்ளே போக முடியாவிட்டாலும் வாசலில் நிறுத்தி, "இதுக்குள்ள போறதுக்குத்தான் அந்தத் தாள்ல டிக்" என்று சொல்லுங்கள். போன மாதம் மண்டபத்துப் பிள்ளைகள் ஆறு பேரை வேனில் கூட்டிப் போனேன். திரும்பி வரும்போது அவர்களில் ஒருத்தி தன் பள்ளிப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, என் பேனாவைக் கேட்டாள்.